தொட்டுப் பார்க்கிற படம்

இரண்டாயிரமாவது வருடம், தை மாதம். கொல்லிமலையில் ஓவிய ஆசிரியையாக இருந்தேன். சோளக்காடு என்ற ஊரில் தனியாக ஒரு வாடகை வீடு. பள்ளி விட்டு வந்து கதவைச் சாத்தினால் மறுநாள் காலைவரை பேச ஆள் கிடையாது. அதனால்தான், நியூசிலாந்திலிருந்து வந்த ஓவியர் ஒருவர் தங்க இடம் தேடுகிறார் என்று தலைமை ஆசிரியர் சொன்னதும் என் முன்னறையைக் கொடுத்தேன்.

அவர் அந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி இனத்துப் பெண். ஐம்பது வயதிருக்கும். ஐரோப்பிய முறையில் எண்ணெய் வண்ண ஓவியம் படித்தவர். கித்தானில் மலையை வரைவார். பிறகு கத்தாழை நாரை எடுத்து, தன் இனத்தார் போர்வை பின்னுகிற விதத்தில் பின்னி, அதைப் படத்தின் மேலேயே தைத்துவிடுவார். தூரத்து மேடுகள் வண்ணமாகவும் பக்கத்துச் சரிவு நாராகவும் இருக்கும். வேலை நேரத்தில் அவர் பேசமாட்டார். அடுத்த அறையில் ஓர் ஆள் நடமாடும் சத்தமே எனக்குப் போதுமாக இருந்தது.

ஒரு சாயங்காலம் நாரைக் கோதிக்கொண்டே ஆங்கிலத்தில் சொன்னார். "எங்கள் குடும்பத்துப் போர்வை ஒன்று வெளிநாட்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பார்க்கப் போனேன். தொட விடவில்லை. கண்ணாடியில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்."

"டீ போடட்டுமா?" என்றேன்.

படம் முடிந்ததும் ஊராரைக் கூப்பிடச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மிளகு பறித்துவிட்டு வந்தவர்கள், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கைகட்டி எட்ட நின்று பார்த்தார்கள்.

"தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்காகத்தான் செய்தேன்," என்றார் ஓவியர்.

சொன்னேன். யாரும் நகரவில்லை.

"அழுக்குப் பட்டுருமுங்க டீச்சர். பாத்தாலே போதுமுங்க," என்றார் ஒரு பெரியவர்.

அதை ஓவியரிடம் சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது. உள்ளே போய்விட்டார்.

கூட்டம் கலைகிற நேரத்தில் பக்கத்துத் தோட்டத்துப் பெண் என்னிடம் வந்தாள். "ஏனுங்க டீச்சர், கையெல்லாம் மொளகுக் கறைங்க. கழுவிட்டு வந்தா தொடலாமுங்களா?"

குழாயில் சோப்புப் போட்டுக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். நார்ச் சரிவின்மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாக மேலே கொண்டுபோனாள். "எங்க காட்டு மேடாட்டமே சொரசொரன்னு இருக்குது," என்றாள். சத்தம் கேட்டு வெளியே வந்த ஓவியர், அவள் கையின்மேல் தன் கையை வைத்தார். இரண்டு பேருக்கும் பொதுவான வார்த்தை ஒன்றுகூடக் கிடையாது. நான் நிலைப்படியில் நின்றேன். நான் எடுத்துச் சொல்ல அங்கே எதுவும் இல்லை.

அடுத்த வாரம் படத்தைச் சாக்கில் சுற்றி, ஓவியரைப் பஸ் ஏற்றிவிட்டேன். மறுநாள் அந்தப் பெண்ணிடம், "ஒருநாள் டீ குடிக்க வாயேன்," என்றேன்.

"வாரேனுங்க. பறிப்பு முடியட்டும்."

பங்குனியில்தான் வந்தாள். அரை டம்ளர் குடித்ததும், மாட்டுக்குத் தண்ணீர் வைக்க வேண்டும் என்று எழுந்துகொண்டாள். தோட்டத்துக்குத் திரும்பும் பாதை வளைவுவரை அவளோடு நடந்து போய்விட்டுத் திரும்பினேன்.