ஆக்சிலேட்டரை மிதித்தால் கத்தும்

பிள்ளைகளே, சத்தத்தின் மேல் வந்த கோபத்தை மனிதர்கள் மேல் கொட்டுகிற வீட்டில் நான் வளர்ந்தேன். அந்தச் சத்தம் வந்தது எங்கள் கார் ஸ்பீக்கரிலிருந்து.

அப்போது நாங்கள் கிழக்குத் தாம்பரத்தில் இருந்தோம். அப்பா பழைய கார் ஒன்றை வாங்கியிருந்தார். என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் தெரிந்தவர்களின் காருக்கு ஸ்பீக்கர் மாட்டிக் கொடுப்பார். எங்கள் காருக்குப் பாட்டு செட்டும், டிக்கியில் ஆம்ப்ளிஃபயரும் மாட்டியது அவர்தான். முதல் வாரம் பாடுகிறவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது.

அதற்குப் பிறகு 'ஙொய்' என்று ஒன்று ஆரம்பித்தது. சிக்னலில் நின்றால் முனகும். ஆக்சிலேட்டரை மிதித்தால் அதுவும் கூடவே குரலை உயர்த்தும். ஏறக்குறைய அப்பாவைப் போல.

"உன் தம்பி வேலை ஒரு வாரம்கூடத் தாங்காது" என்றார் அப்பா. அன்றோடு விட்டிருக்கலாம். விடவில்லை. குழாய் ஒழுகினால் "உன் தம்பி மாட்டினதா?" மிக்சி நின்றால் "உன் தம்பி தொட்டானா?" அம்மா பாத்திரத்தை வைக்கிற சத்தம் நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே போனது.

மாமா ஒருநாள் ஸ்க்ரூ டிரைவரோடு பார்க்க வந்தார். பக்கத்து வீட்டு சார் நின்றுகொண்டிருக்கும்போதே அப்பா, "வாங்க இன்ஜினியர். வண்டியத் தொடாதப்பா, இருக்கிறதும் போயிடும்" என்றார். பக்கத்து வீட்டு சார் சிரித்தார். அம்மா காபியோடு வெளியே வருவதற்குள் மாமா தெருமுனை தாண்டிவிட்டார். அப்புறம் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. ஒரே தம்பி. அம்மா அழுவாள் என்று நினைத்தேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா காலனி சங்கக் கூட்டத்துக்குப் போனதும் அம்மா கார்ச் சாவியை எடுத்தாள். என்னை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, செல்போனில் மாமாவைப் பிடித்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, கோச்சிக்காத, உங்க வூட்டுக்கு நான் வரமாட்டேன்."

"வரவேணாம். வாயால சொல்லு, நான் பாக்குறேன்."

"வண்டி நியூட்ரல்ல தான கீது? ஸ்டார்ட் பண்ணு. சவுண்ட ஜீரோல வையி. இப்பவும் கத்துதா?"

"கத்துது."

"அப்போ செட்டு மேல தப்பு இல்ல. டிக்கிக்குப் போற வழியில தான் ஏதோ உள்ள பூந்துகினு கீது. பேட்டரில இருந்து சிவப்பா ஒரு தடி வயர் போவும். பாட்டு போறது சன்ன வயர். ரெண்டையும் தள்ளித் தள்ளி உட்டிருக்கேன், ஒட்டுனா இரையும். கார்ப்பெட்டத் தூக்கிப் பாரு."

அம்மா தூக்கினாள். இரண்டு வயரும் ஒட்டிக்கொண்டு கிடந்தன. சும்மா இல்லை, வெள்ளை நூலால் சேர்த்துக் கட்டி, வழிநெடுக முடிச்சு. ஒவ்வொரு முடிச்சிலும் இரண்டு காது, ஒரே அளவாக வெட்டியிருந்தது. அப்பா கம்பெனியில் பார்சல் அனுப்புகிற பிரிவில் இருந்தார். பழைய பேப்பர்காரனுக்குப் போடுகிற கட்டைக்கூட அப்படித்தான் கட்டுவார். அந்த முதல் வாரம் முடிந்து பெய்த மழையில் நனைந்த கார்ப்பெட்டை எடுத்துக் காயவைத்தவர், வயர்கள் தனித்தனியாகக் கிடந்தது பொறுக்காமல் 'நீட்டா' ஆக்கியிருக்கிறார்.

"சேத்துக் கட்டியிருக்குடா" என்றாள் அம்மா.

"யாருக்கா கட்னது?"

அம்மா போனைச் சீட்டின் மேல் வைத்தாள். முடிச்சுகளை அவிழ்த்து வயர்களைப் பிரித்தாள். யாரோ வாயைப் பொத்தியதுபோல 'ஙொய்' நின்றது. நான் ஆக்சிலேட்டரை மிதித்துப் பார்த்தேன். இல்லவே இல்லை. போனில் மாமா "ஓகேவா, ஓகேவா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். "அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டு, அம்மா அதே நூலால் இரண்டையும் மறுபடி சேர்த்துக் கட்டினாள், இன்னும் இறுக்கமாக. சத்தம் திரும்பி வந்தது.

"ஏம்மா?"

"கட்டினவரே அவுக்கட்டும். நீ வாயத் திறந்தே, தோல உரிச்சுடுவேன்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. சரியானதைக் கெடுக்கிற ஒரு அம்மாவை நான் அதுவரை பார்த்ததில்லை. அன்று சத்தம் தானாக நின்றிருந்தால், 'ஒருவழியா உன் தம்பி சரி பண்ணிட்டான்' என்று சொல்லி அப்பா தப்பித்திருப்பார். அந்த வயதில் இது எங்கே எட்டும்?

சில நாள் கழித்து நாவலூரில் சித்தப்பாவின் புது ஃபிளாட்டுக்குக் கிரகப்பிரவேசம், காரில் கிளம்பினோம். பின்சீட்டில் என்னோடு அத்தை, அப்பாவின் அக்கா. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைத் தாண்டும்போது அத்தை, "என்னடா இது, வண்டிக்குள்ள கொசு இரையுது?" என்றாள்.

"கொசு இல்லக்கா, மச்சான்" என்றார் அப்பா.

அத்தை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"வண்டிய நிறுத்துங்க" என்றாள் அம்மா.

ஓரத்தில் நிறுத்தியதும் அவள் இறங்கிக் கார்ப்பெட்டைத் தூக்கினாள். "இது யார் முடிச்சு, பாருங்க."

அப்பா பார்த்தார். "நீட்டா இருக்கட்டுமேன்னு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். பட்டுக்கரை வேட்டியோடு ரோட்டோரத்தில் மண்டியிட்டு, நகத்தால் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தார். லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. அத்தை சதுப்பு நிலத்துப் பறவைகளை, வாழ்நாளில் முதல்முறையாக, உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டி கிளம்பியது. பாட்டு சுத்தமாக வந்தது. "ஏதோ லூஸ் கான்டாக்ட்" என்றார் அப்பா.

அம்மா பாட்டை அணைத்தாள். செல்போனை எடுத்து எண்களை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, அப்பாவின் பக்கம் நீட்டினாள். "பேசுங்க."

"அக்கா? அக்கா?" என்றது மாமாவின் குரல். ஒரு இரைச்சலும் இல்லாமல் கணீரென்று கேட்டது.

அப்பா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. கண்ணையும் ரோட்டிலிருந்து எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது போன் பேசக் கூடாது என்று எங்கள் வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். என் அப்பா எவ்வளவு நல்ல டிரைவர் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன்.