வஸீலா எழுதிய கடல்

“நீ எழுதின புத்தகத்துல நான் திருடனாமே?” என்று கேட்டார் ஹமூதா. அக்கரை நகரமான ஸ்ஃபாக்ஸுக்குப் போகும் கப்பலுக்கு டிக்கெட் கொடுக்கிற ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தார். உள்ளே அவருடைய தங்கை மகள் வஸீலா அக்கா. பக்கத்து நாற்காலியில், அவரோடு வேலை பார்க்கும் நான்.

“மாமா, அதுல உங்க பேரே இல்லையே.”

“பேரு இல்ல. என் மூக்கு இருக்கு.”

வஸீலா அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

“கடல்ல பங்கு கேட்டு அண்ணனோட மல்லுக்கு நிக்கிறாளே, அப்படி ஒருத்தி நம்ம தீவுல உண்டா?”

“இல்ல மாமா. இருந்திருந்தா நான் எதுக்குக் கதையா எழுதுறேன்?”

“உன் உம்மா மனசார விட்டுக்கொடுத்தா. வெள்ளிக்கிழமை நூலகத்துல உன் புத்தகத்துக்குக் கூட்டமாம். எல்லார் முன்னாடியும், எழுதினது பொய்னு சொல்லு. சொல்லலைன்னா நீயும் உன் உம்மாவும் என் வாசலை மிதிக்க வேண்டாம்.”

“சரி. போறதுக்கு மட்டும் டிக்கெட் போதுமா?”

“வர்றதுக்கும் சேர்த்துக் கொடு. உன்னை நம்பி ஊரை விட்டுட்டா போவேன்?”

எங்கள் கெர்கென்னாத் தீவில் கடலுக்கும் வேலி உண்டு. ஆழமில்லாத தண்ணீரில் ஒவ்வொரு குடும்பமும் தன் பங்கில் பேரீச்ச ஓலைகளை நட்டு, மீனைக் கூண்டுக்கு ஓட்டிவரும். அந்தப் பங்கு தகப்பனிடமிருந்து பிள்ளைகளுக்கு வரும். பெண்களுக்கும் உண்டுதான். ஆனால் தங்கை தன் பங்கை அண்ணனுக்கு விட்டுவிடுவாள். பதிலுக்கு, அவள் வாழ்க்கை எப்படிப் போனாலும் அண்ணன் வீட்டுக் கதவு அவளுக்குத் திறந்திருக்கும்.

வஸீலா அக்காவின் தாய் ஸல்ஹாவும் அப்படித்தான் விட்டார். ஆண்டுதோறும் முதல் மடவை மீன்கள் ஹமூதா வீட்டிலிருந்து தட்டில் வரும். ஸல்ஹா அவற்றைக் குஸ்குஸ் என்கிற கோதுமைச் சோற்றுக்குக் குழம்பு வைப்பார், மகளுக்குப் பரிமாறுவார், தான் ரொட்டியும் ஆலிவும் தின்பார். சிறுமி வஸீலா அதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தார். அவருடைய நாவலில் வரும் பெண் அந்தத் தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தானே ஓலை நடுகிறாள். கடைசி அத்தியாயத்தில் அண்ணன் வீட்டுக் கதவு அவள் முகத்தில் அறைந்து சாத்தப்படுகிறது.

ஸல்ஹாவுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் மாலைகளில் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும் அவர் ஓலை நடுகிற பக்கத்தை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை நூலகத்தில் இடமில்லை. முன்வரிசையில் ஹமூதா. “இது நடந்த கதையா?” என்று ஒருவர் கேட்டதும் வஸீலா அக்கா எழுந்தார். பொய் என்றால் நாவல் செத்துவிடும். மெய் என்றால் தாய்க்குப் பிறந்த வீடு போய்விடும்.

அதற்குள் பின்னாலிருந்து ஸல்ஹா எழுந்தார்.

“கதையில அவளுக்கு முப்பது வயசு. எனக்கு எழுபது. வித்தியாசம் அவ்வளவுதான். அண்ணே, இந்த வருஷம் என் பங்குல நானே ஓலை நடுறேன்.”

“உனக்கு முட்டியே மடங்காதே, ஸல்ஹா.”

“தண்ணியில நிக்க முட்டி எதுக்கு மடங்கணும்?”

கூட்டம் சிரித்தது. ஹமூதா மட்டும் சிரிக்கவில்லை.

“என் வாசல்…”

“வருவேன். மீன் தட்டோட வருவேன்.”

இலையுதிர் காலத்தில் வஸீலா அக்கா விடுப்பு எடுத்தார். படகு ஒன்றை அமர்த்திக்கொண்டோம். முதல் ஓலையைச் சேற்றில் ஊன்றியவர் ஸல்ஹா. கரையில் நின்ற பெண்கள் குலவையிட்டார்கள். கல்யாணத்தில்கூட அப்படி ஒரு குலவையை நான் கேட்டதில்லை. முதல் மீன் விழுந்த அன்று குஸ்குஸ் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஸல்ஹா அண்ணன் வீட்டுக்கு நடந்தார். நாங்கள் இருவரும் பின்னால் போனோம். ஸல்ஹா கதவை இரண்டு முறை தட்டினார். பிறகு கதவு திறந்தது. ஹமூதா நின்றபடியே ஒரு மீன் துண்டு எடுத்து வாயில் போட்டார்.

“உப்பு ஜாஸ்தி” என்று சொல்லிவிட்டு, வழிவிட்டு நின்றார்.

அந்த நாவலை நான் அப்போது பிரெஞ்சுக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். திரும்பி வரும் வழியில் வஸீலா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கடைசி அத்தியாயத்தைத் தொடாதேடி. அந்தக் கதவை நான் பயந்துபோய்ச் சாத்தினேன். புதுசா எழுதித் தர்றேன், அதுவரைக்கும் பொறுத்துக்கோ.”