செம்மண் இறங்கிய குட்டை

அந்த ஐப்பசியில் என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. தூறல் விழுந்தாலே குடையை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விடுவேன்.

பாபநாசத்துக்குத் தெற்கே, சாலையை ஒட்டிய எங்கள் பள்ளவயலில் நானும் கணவரும் பண்ணைக்குட்டை வெட்டி, கெண்டைக் குஞ்சுகள் விட்டிருந்தோம். அவர் மஸ்கட் வேலையை விட்டு வந்தபின் நாங்கள் தொடங்கிய முதல் காரியம் அது. தண்ணீர் இளம்பச்சையாக இருக்கும். முழங்கை வரை கையை விட்டால் உள்ளங்கை மங்கலாகத் தெரியும்.

முதல் பெருமழைக்கு மறுநாள் காலையில் கையை விட்டேன். மணிக்கட்டே தெரியவில்லை. தண்ணீர் பால் ஊற்றிய டீ மாதிரி இருந்தது.

"மழைன்னா கலங்கத்தான் செய்யும். தானா தெளிஞ்சிடும், விடு" என்றார் கணவர்.

தெளியவில்லை. அடுத்த மழையில் இன்னும் சிவந்தது. எங்கள் வயலோ கரிசல் களிமண். இந்தச் சிவப்பு எங்கிருந்து வருகிறது? இரவெல்லாம் புரண்டுகொண்டிருந்தேன். விடிந்ததும் போனால், மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. சில கரையோரம் செத்து மிதந்தன.

கொட்டும் மழையிலேயே தண்ணீர் வந்த வழியைப் பிடித்து நடந்தேன். சாலைக்கு அடியில் போட்ட குழாய் வழியாகத்தான் அது வந்தது. மறுபக்கம் ஒரு மனையில் வீடு கட்டுவதற்காகச் செம்மண் கொட்டி மேடாக்கியிருந்தார்கள். மழை அதைக் கரைத்துக் கோடு கோடாக இழுத்து வந்தது. அதன் ஓரத்துக் கூரைவீட்டில் இருந்த பெண்ணைக் கூப்பிட்டேன்.

"உங்க மண்ணால எங்க மீனெல்லாம் சாவுதுங்க!"

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். "நான் என்னக்கா செய்யறது? போன வருஷ மழைக்கு வீட்டுக்குள்ள தண்ணி வந்து, பிள்ளைங்கள கட்டில் மேல வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். மேடு பண்ணாம எப்படிக் கட்டறது?"

கோபத்தோடு போன நான் அவள் வாசலில் தேங்கியிருந்த தண்ணீரைப் பார்த்தேன். திரும்பிவிட்டேன்.

மறுநாள் மழை விட்டிருந்த நேரத்தில் அவளே மண்வெட்டியோடு வந்து நின்றாள். "அந்தத் தண்ணிய வேற பக்கம் திருப்பிட முடியாதாக்கா?" என்றாள். என் கணவர் வேட்டியை மடித்துக் கட்டினார். குழாய் வாயிலிருந்து குட்டைக் கரையைச் சுற்றி, வயலோரத்து வடிகால் வரைக்கும் மூன்று பேருமாகச் சிறு வாய்க்கால் வெட்டினோம். அவள் மனையோரத்தில் மண்மூட்டை அடுக்கினோம்.

அடுத்த மழையில் செந்நீர் குட்டையைத் தொடாமல் சுற்றிக்கொண்டு ஓடியது. இருந்தாலும் குட்டை தெளியத் தை மாதமாயிற்று. மீன்களில் பாதிதான் மிஞ்சின.

இப்போது அவள் புதுவீட்டில் இருக்கிறாள். மனையைச் சுற்றிப் புல் பிடித்துவிட்டது. எனக்குத்தான் இன்னும் நிலைகொள்ளவில்லை. வேறு யார் மனை மண்ணிலோ வடிகால் சிவந்து ஓடும்போதெல்லாம், கீழே யார் குட்டையில் போய்ச் சேருகிறதோ என்று அதன் கரையோடு கொஞ்சதூரம் நடந்து பார்த்துவிட்டு வருகிறேன்.