பம்புக்காரர் வீட்டுப் பவளம்

கோயம்புத்தூரிலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் கடலைப் பார்க்க அரை நாள் ஆகிவிடும். அப்படிப்பட்ட ஊரில், தொண்ணூறுகளின் பின்பாதியில், கணபதிப் பக்கம் ஒரு வாடகை வீட்டின் முன்னறையில் நாலடி நீளத்துக்குக் கடல் வைத்திருந்தோம். அதற்கு முழுக் காரணமும் என் வாய்தான்.

பெண் பார்க்க வந்த அன்று, பொள்ளாச்சியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, அவர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "உங்களுக்கு என்னங்க புடிக்கும்?" நான் விலங்கியல் படித்தவள். கல்லூரிச் சுற்றுலாவில் ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து மண்டபம் போய், படகிலிருந்து எட்டிப் பார்த்த பவளங்கள் இன்னும் கண்ணிலேயே நின்றன. "கடலுக்குள்ள இருக்கறதெல்லாம் புடிக்குமுங்க" என்றேன். கூடத்திலிருந்த எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்காமல், அளவு குறித்துக்கொள்பவர் போலத் தலையாட்டினார்.

அன்று சாயங்காலம் என் அம்மா சொன்னது: "மாப்பிள்ளை பேசாத ஆளாட்ட இருக்குது. உன்ற வாயை ஒரு வருசத்துக்குப் பூட்டி வையி அம்மணி." பூட்டினேன். நான் வாழ்க்கையில் கேட்டு நடந்த மோசமான அறிவுரைகளில் அதற்குத்தான் முதலிடம்.

கல்யாணமாகி மூன்றாவது மாதம் தொட்டி வந்து இறங்கியது. அவருக்குப் பம்பு செய்யும் பட்டறை. கேரளக் கடற்கரையில் பொன்னானிப் பக்கம் பம்பு ஏற்றிப் போகிற வண்டி, திரும்பும்போது கேன் கேனாகக் கடல் தண்ணீர் கொண்டுவந்தது. தண்ணி இறைக்கிற பம்பைக் கொடுத்துவிட்டுத் தண்ணியையே வாங்கி வருகிறோம் என்று பட்டறை ஆட்கள் கேலி பேசினார்களாம். உக்கடத்தில் இருந்த வளர்ப்பு மீன்கடைக்காரர், வரி போட்ட இரண்டு மீன்களைத் தந்தார். சில வாரம் கழித்து, ஆக்சிஜன் அடைத்த பையில் சென்னையிலிருந்து ரயிலேறி வந்த ஒரு மென்பவளத்தையும் தந்தார்.

உள்ளங்கை அகலம் இருக்கும். குட்டைத் தண்டு, மேலே மடிப்பு மடிப்பாக ஒரு குடை. மனசு வந்தால் குடை முழுக்க ஆயிரம் பழுப்பு மஞ்சள் மொட்டுகள் நீண்டு, ஒவ்வொன்றும் எட்டு இதழாக விரிந்து தண்ணீரில் அசையும். மனசு வராவிட்டால் எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டு வழவழவென்று நிற்கும். அவர் அதற்குக் காளான் என்று பேர் வைத்தார். வந்த புதிதில் காளான் நன்றாகவே விரிந்தது.

ஒருநாள் சோறு போடும்போது பேச்சுவாக்கில் சொன்னேன்: "கடல்ல தண்ணி அசைஞ்சுட்டே இருக்குமுங்க. நம்ம தொட்டியில வெறும் காத்துக் குமிழிதான்."

"தண்ணி அசையோணுமா?" என்றார். ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசுகிற மனிதரின் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அதுவரை நான் பார்த்ததில்லை. "அதை நான் பாத்துக்கறேன்."

இரண்டு வாரம், வேலை முடிந்த பிறகு பட்டறையில் தனியாக உட்கார்ந்து ஒரு பம்பு செய்தார். பித்தளையும் செம்பும் பவளத்துக்கு விஷம் என்று கடைக்காரரிடம் தானே போய்க் கேட்டு வந்து, உள்ளே சுழல்வதை நைலானிலும் தண்டைத் துருப்பிடிக்காத எஃகிலும் கடைந்திருந்தார். மூடியில் என் பெயரின் முதல் எழுத்து. மாட்டிவிட்டு, "ரெண்டாவது மாடிக்கே ஏத்துமாக்கும்" என்றார். எங்களுடையது மாடியே இல்லாத வீடு. ஆனாலும் அந்த எழுத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். யாரும் எனக்காக எதையும் கடைந்து தந்ததில்லை.

மறுநாளிலிருந்து காளான் சுருங்கிவிட்டது.

மூன்று நாள் பொறுத்தேன். பிறகு கடைக்குப் போனேன். "தோல் உரிக்குமுங்க, ஒரு வாரம் சும்மா உடுங்க" என்றார் கடைக்காரர். ஒரு வாரம் விட்டேன். தோலும் உரியவில்லை, ஒன்றும் உரியவில்லை. உப்பு கூடியிருக்குமோ என்று உப்பளக்கும் மிதவையை விட்டுப் பார்த்தேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் தண்ணீர் வேகமாக வற்றியிருந்தது, சிறுவாணித் தண்ணீர் ஊற்றிச் சரிசெய்தேன். விளக்கு போதவில்லையோ என்று நீலக் குழல்விளக்கு ஒன்று கூடுதலாக மாட்டினேன். தாளிப்பு நெடியாக இருக்குமோ என்று ஒரு வாரம் கடுகு தாளிக்காமல் குழம்பு வைத்தேன். அதையும் அவர் வாய் திறக்காமல் சாப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து வீட்டிலிருந்து வந்த மாமியார், "கண்ணு பட்டுப்போச்சு" என்று தொட்டிக்கு உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார். வீடே இருமியது. காளான் மட்டும் அசையவில்லை.

குடையின் ஓரம் கறுக்கத் தொடங்கியது. இனி பிழைக்காது என்று நினைத்து அடுக்களையில் நின்று அழுதேன்.

அப்போதுதான் ஒரு செவ்வாய்க்கிழமை, பராமரிப்பு வேலை என்று பகல் முழுக்கக் கரண்டை நிறுத்தினார்கள். மீன்களுக்கு மூச்சு முட்டுமே என்று நான் அவ்வப்போது ஒரு டம்ளரால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தேன். மதியம் மூன்று மணிக்கு டம்ளரோடு வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். காளான் விரிந்திருந்தது. முழுசாக இல்லை, பாதிக் குடை. ஆனால் விரிந்திருந்தது.

நாலு மணிக்குக் கரண்ட் வந்தது. பம்பு உறுமியது. காளான் ஒரே இழுப்பில் மொட்டுகளை உள்ளே வாங்கிக்கொண்டது. மீன்கள் இரண்டும் ஆடிக்காற்றை எதிர்த்துச் சைக்கிள் மிதிப்பவர்கள் போல ஒரே இடத்தில் துடுப்படித்தன. இத்தனை நாள் இதை எப்படிப் பார்க்காமல் இருந்தேன்? தென்னந்தோப்புக்குத் தண்ணீர் விடுகிற வேகத்தை நாலடித் தொட்டிக்குள் விட்டுவிட்டு, உப்பையும் கடுகையும் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

இதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். வேறு யாராவது செய்த பம்பாக இருந்தால் பிடுங்கித் தெருவில் போட்டிருப்பேன். ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் அந்த மூடியைத் தொட்டுக் காட்டுகிற மனிதரிடம், நீங்கள் செய்தது அதைக் கொல்லுகிறது என்று எந்த வாயால் சொல்வேன்? குழாயின் முனையைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தேன். சாயங்காலம் வந்தவர், "பைப்பு திரும்பிக் கெடக்குது" என்று நேராக்கிவிட்டார்.

ஆகவே திருட்டு வேலையில் இறங்கினேன். காலையில் அவர் கிளம்பியதும் பிளக்கைப் பிடுங்கிவிடுவேன். பழைய காற்றுக் குமிழி மட்டும் ஓடும். சாயங்காலம் தெருமுனையில் அவர் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும், கையில் எது இருந்தாலும் அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடிப் பிளக்கைச் சொருகுவேன். அவர் செருப்பைக் கழற்றி உள்ளே வரும்போது பம்பு ஓடிக்கொண்டிருக்கும். காளான் சுருங்கியிருக்கும். நான் மூச்சிரைக்க நின்றுகொண்டிருப்பேன்.

பகலில் காளான் தேறியது. ஓரத்துக் கறுப்பு உதிர்ந்து புதுச்சதை வந்தது. ஆனால் அவர் கண்ணில் பட்டதெல்லாம் சுருங்கிய காளான்தான். ஒருநாள், "என்ற மேல கிரீஸ் வாசமடிக்குதோ என்னமோ" என்றார். அன்றிலிருந்து குளித்துவிட்டுத்தான் முன்னறைக்குள் வந்தார். பிறகு தொட்டிக்குப் பக்கத்தில் வராமல் நிலைப்படியிலேயே நின்று பார்த்தார். பிறகு அதுவும் இல்லை. காப்பியை வாங்கிக்கொண்டு வெளியே வாசற்படியில் போய் உட்கார்ந்துவிடுவார். வீட்டுக்கு வருகிற நேரமும் ஆறரை ஏழாகி, ஏழு ஏழரையானது. பட்டறையில் ஆர்டர் கூடிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதிகூட. காளானுக்கு இன்னும் ஒரு மணி நேரம் கிடைக்கிறதே!

அன்றைக்கு ஸ்கூட்டர் பஞ்சராகி, அதைக் கடையில் விட்டுவிட்டு, அவர் ஐந்து மணிக்கே நடந்து வந்திருக்கிறார். நான் தொட்டி முன்னால் தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். காளான் முழுக்குடையும் விரிந்து ஆடியது. அதனிடம் ஏதோ பேசிக்கொண்டும் இருந்தேன். முதுகுக்குப் பின்னால் ஆள் நிற்பது போலிருக்கவே திரும்பினேன். நிலைப்படியில் அவர். நான் துள்ளி எழுந்து பிளக்கைப் பார்த்து ஓடினேன். வெங்காயம் அறை முழுக்க உருண்டது.

"ஓடாத அம்மணி" என்றார், கிசுகிசுப்பாக. "அப்படியே நில்லு. சத்தம் போட்டா நான் வந்தது அதுக்குத் தெரிஞ்சுபோயிரும்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பம்பைச் சொன்னேன், பிளக்கைச் சொன்னேன், செவ்வாய்க்கிழமைக் கரண்டைச் சொன்னேன். பூட்டி வைத்த வாய் அல்லவா, ஒரே மூச்சில் எல்லாம் கொட்டியது. "உங்க பம்பு வேகம் அதுக்குத் தாங்கலீங்க. மனசு நோகுமேன்னு சொல்லலீங்க. அதுக்கு உங்களை ஆகாமல்லாம் இல்லீங்க."

அவர் பம்பைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தார்.

"அப்ப தெனமும் வண்டிச் சத்தம் கேட்டா நீ எந்திரிச்சு உள்ள ஓடறது?"

"பிளக்கைச் சொருகத்தானுங்க."

அவர் அப்படியே தரையில், வெங்காயங்களுக்கு நடுவில் உட்கார்ந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கேட்டைத் தொறக்கறப்பவே ஜன்னல் வழியா தெரியுமே. நீ பதறி ஓடறது, மூச்சு வாங்கிட்டு நிக்கறது. என்னைக் கண்டாப் புடிக்கலயாட்ட இருக்குதுன்னு நெனச்சுப்போட்டேன். செரி, கொஞ்சம் நேரங்கழிச்சுப் போனா புள்ள நிம்மதியா இருக்குமேன்னு பட்டறையில சும்மா உக்காந்திருப்பேன்."

எனக்கு வந்த கோபம் இன்றும் நினைவிருக்கிறது. "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதுங்களா?" என்று கத்தினேன். கத்திக்கொண்டே அழுதேன். இரண்டு மாதமாக, வேலை இல்லாத பட்டறையில், ஒரு மனிதர் எனக்கு நிம்மதி கொடுப்பதற்காகத் தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறார். நானோ ஒரு பவளத்தின் முகம் வாடுவதைப் பார்க்கத் தெரிந்தவள், இவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இப்படியெல்லாம் பேசுவியா நீ?" என்றார். பம்பை அவரே கழற்றினார். இரண்டு பேருமாகத் தவழ்ந்து வெங்காயம் பொறுக்கினோம்.

மறுநாள் சாயங்காலம் தெருமுனையில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. பழக்கத்தில் கால் உள்ளே திரும்பியது. அதை நிறுத்தி, வாசலுக்கு ஓடிப்போய்க் கேட்டை நானே திறந்து வைத்து நின்றேன். மணி ஆறுகூட ஆகியிருக்கவில்லை. அவர் வண்டியை அணைக்க மறந்து கேட்டுக்கு நடுவில் நின்றார்.

"உள்ள வாங்க" என்றேன். "உங்களைப் பாக்கத்தானுங்க ஓடி வந்தேன்."