ஹசிந்தா நிற்கும் சுவர்

ஊரின் பெயரை எழுத மாட்டேன். மெக்சிகோவில், மலைச்சரிவில் இருக்கும் ஒரு பழைய ஊர் என்பது போதும். காலை பத்து மணிக்குச் சதுக்கத்தில் மஞ்சள் குடையோடு நின்று, வெளிநாட்டுக்காரர்களை நடத்திக் கூட்டிப்போய் ஊரைக் காட்டுவது ஹசிந்தாவின் பிழைப்பு. கட்டணம் கிடையாது, முடிவில் மனமிருந்தால் கொடுக்கலாம். யார் வேண்டுமானாலும் வந்து சேரலாம். பேர் கேட்கக் கூடாது, வராதே என்று சொல்லவும் கூடாது. எனக்கும் அதே வேலைதான். முன்பு பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்ததால் அவளுக்கு நான் வாத்தியார்.

அவளைப் போலக் கூட்டத்தைக் கட்டிப்போட எங்களில் யாருக்கும் வராது. "இந்தக் கோயிலைக் கட்டி முடிக்க நூறு வருஷம் ஆச்சாம். எங்க தெருக் குழியை மூடறதுக்கு அதுக்கும் மேல ஆகும்" என்பாள். சிரித்துக்கொண்டே வருவார்கள். சந்தைக்குப் பின்னால், காணாமல் போனவர்களின் படங்கள் ஒட்டிய சுவருக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிடும்.

அதில் ஒரு படம் அவள் தம்பி எவரார்தோ. பத்தொன்பது வயது. ஆறு வருடம் முன்பு, நடுப்பகலில், வேலை செய்த ரொட்டிக்கடை வாசலில் வைத்து போலீஸ் ரோந்து வண்டியில் ஏற்றிப்போனார்கள். பார்த்தவர்கள் பதினொரு பேர். அவர்களில் ஒருவரைக்கூடக் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. 'தானாகவே ஊரை விட்டுப் போயிருக்கலாம்' என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். பிறகு ஒரு பாதிரியார் அவள் வீட்டுக்கு வந்து, எல்லாம் ஆண்டவன் சித்தம் என்றார். ஆண்டவனுக்கு ரோந்து வண்டி எதற்கு என்று அங்கிருந்த நான் கேட்டேன். அவர் காபியைக் குடிக்காமல் எழுந்து போனார்.

ஹசிந்தா இதையெல்லாம் சுவரருகே நின்று சொல்வாள், வண்டியின் எண் உட்பட. ஆங்கிலத்தில் சொல்வாள். சந்தைக்காரர்களுக்குப் புரியாது. அந்த மொழிதான் அவளுக்கு வேலி.

அந்த வேலியை ஒரு நல்ல மனிதர் பிடுங்கிப் போட்டார். ஹாலந்து நாட்டு ஆசிரியர். இலவச நடைச் சுற்றுலாக்களைத் தேடுகிறவர்கள் பார்க்கும் தளத்தில் ஐந்து நட்சத்திரம் கொடுத்து எழுதியிருந்தார்: 'ஹசிந்தாவைக் கேட்டுப் போங்கள். மஞ்சள் குடை. தம்பியைக் கொண்டுபோன வண்டியின் எண்ணைக்கூடத் தைரியமாகச் சொல்கிறார்.' கூடவே ஒரு படம். அன்று பள்ளி விடுமுறை என்பதால் அவளுடைய ஒன்பது வயது மகளும் அதில் நின்றாள். ஒரு பொத்தானைத் தொட்டால் அத்தனையும் ஸ்பானிஷில் வந்துவிடும்.

எடுத்துவிடச் சொல்லித் தளத்துக்கு எழுதினோம். 'வாழ்த்துகள்! பாராட்டுகளை நாங்கள் நீக்குவதில்லை' என்று பதில் வந்தது.

மூன்றாம் நாள் அவன் வந்தான்.

அன்று என்னிடம் இரண்டே பேர் வந்ததால் அவள் கூட்டத்தோடு சேர்த்துவிட்டுப் பின்னால் நடந்தேன். வழக்கம்போல ஒவ்வொருவரையும் எந்த நாடு என்று கேட்டாள். அவன், "இந்த ஊர்தான்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ஹசிந்தா மட்டும் சிரிக்கவில்லை.

தெரு திரும்பும்போது என் பக்கத்தில் வந்தாள். "வாத்தியாரே, அவன் தண்ணி பாட்டில் கொண்டு வரல. ஷூ பளபளன்னு இருக்கு."

"அது ஒரு ஆதாரமா?"

"ரெண்டரை மணி நேரம் வெயில்ல நடக்க வர்றவன் இப்படியா வருவான்? நீங்க ஆதாரம் தேடி முடிக்கறதுக்குள்ள என் படமும் அந்தச் சுவத்துல ஏறிடும்."

அவள் சொன்னதில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை.

சுவருக்குப் போகாமல் சந்தை முனையிலேயே கூட்டத்தைத் திருப்பினாள். அவன் கை தூக்கினான். "அம்மணி, சுவரை விட்டுட்டீங்களே. இதுல போட்டிருக்கே." கைபேசியை உயர்த்திக் காட்டினான்.

"ஆமா, நாங்களும் அதுக்குத்தானே வந்தோம்!" என்றாள் ஒரு கனடாக்காரப் பெண். இருபது பேரும் உற்சாகமாகச் சுவரை நோக்கித் திரும்பினார்கள்.

ஹசிந்தா சொன்னாள். வண்டி என்ற சொல்லோடு நிறுத்திக்கொண்டாள்.

"எண்?" என்றான் அவன், மெதுவாக.

அவள் தம்பியின் படத்தைப் பார்த்தாள். பிறகு எண்ணைச் சொன்னாள். ஸ்பானிஷில், உரக்க. தக்காளி நிறுத்துக்கொண்டிருந்தவளின் கை அந்தரத்தில் நின்றது. சந்தையில் ஐந்தாறு தலைகள் திரும்பின. கீழே குனிந்தவர்களும் உண்டு.

அவன் தலையாட்டினான். "நல்லாச் சொல்றீங்க. பொண்ணு வளந்துட்டா போலிருக்கே. படத்துல பாத்தேன்." இதை ஸ்பானிஷில் சொன்னான். ஏதோ பாராட்டுகிறான் என்று நினைத்து ஒரு கிழவர் கைதட்டினார். அவன் போய்விட்டான்.

இன்னும் கால் மணி நேரம் பாக்கி இருந்தது. அதையும் ஹசிந்தா முடித்தாள். வெளிநாட்டுக்காரர் கூட்டத்துக்கு நடுவில் இருக்கிறவரைக்கும் எவனும் தொட மாட்டான் என்றாள். பிறகு நாங்கள் இருவரும் நேராகப் பள்ளிக்குப் போய், வகுப்பு நடுவிலேயே மகளை அழைத்துக்கொண்டோம். குழந்தை காரணம் கேட்டது. "பல்லு டாக்டர்" என்றாள் ஹசிந்தா. வீட்டுக்குப் போகவில்லை. குழந்தையின் புத்தகப் பைதான் மூட்டை முடிச்செல்லாம்.

பேருந்து நிலையத்தில் சீட்டு வாங்கப் போனவளிடம், "எந்த ஊருக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

"கேக்காதீங்க வாத்தியாரே. தெரியாததை உங்ககிட்டேருந்து யாரும் புடுங்க முடியாது."

அவர்கள் ஏறினார்கள். பேருந்தின் நெற்றியில் ஊர்ப் பெயர் பெரிதாக எழுதியிருந்தது. படிக்காமல் திரும்பிக்கொண்டேன்.