மக்நாப் செஃப்புக்குப் பெண் கொடுத்த கதை

சுவிட்சர்லாந்தின் டாவோஸில் ஒரு ஹோட்டல் குசினியில் நான் கோப்பை கழுவத் தொடங்கிய முதல் குளிர்காலம். எண்பதுகளின் நடுப்பகுதி. எங்கள் செஃப்பின் கலியாணம் அவருடைய பெயராலேயே நின்றுபோகப் பார்த்தது. அதைக் காப்பாற்றியதில் எனக்கும் பங்கு உண்டு. இதை நான் ஒருநாளும் அடக்கமாகச் சொன்னதில்லை.

செஃப் ஸ்கொட்லாந்துக்காரர். குடும்பப் பெயர் மக்நாப். பழைய கேலிக் மொழியில் அதற்கு 'மடாதிபதியின் மகன்' என்று பொருள். அவரே இதை வேடிக்கையாகச் சொல்லப்போய், குசினி முழுவதும் அவரைச் 'சாமியார் மகன்' என்று கூப்பிட்டது. வரவேற்பில் வேலை செய்த மொனிக்காவைக் கட்டுவதாக இருந்தார். அவள் வாலிஸ் பக்கத்து மலைக் கிராமத்துக் கத்தோலிக்கப் பெண். அவளுடைய அப்பா மாப்பிள்ளை பார்க்க வந்த அன்று, யாரோ ஒரு புண்ணியவான் இந்தக் கேலியை அவர் காதிலும் போட்டுவிட்டான்.

நான் வேலையாட்களின் சாப்பாட்டு அறையில் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தேன். செஃப்புக்கும் மொனிக்காவுக்கும் முன்னால் பெரியவர் கோபமாகக் கதைத்தார்.

"சாமியாருக்கு என்னெண்டு மகன்? கலியாணம் கட்டினா என்ரை மகளுக்கும் அந்தப் பேர்தான். பேரப்பிள்ளையளுக்கும் அதுதான். நான் சம்மதிக்கமாட்டன்."

செஃப்பின் முகம் சிவந்துவிட்டது. "ஐயா, முந்தி எங்கட மலைநாட்டிலை மடத்துத் தலைவர்மார் கலியாணம் கட்டினவை. மடமும் காணியும் தகப்பனுக்குப் பிறகு மகனுக்குப் போகும். அந்தப் பரம்பரைதான் நாங்கள்."

"அப்பிடி ஒரு வழக்கம் உலகத்திலை எங்கை இருக்கு?"

"எங்கட ஊரிலை இருக்கு" என்றேன் நான். எனக்கு வாய் சும்மா இருக்காது.

மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். மொனிக்காவின் கண் கலங்கியிருந்தது. இனிப் பின்வாங்க முடியாது. தட்டுகளை வைத்துவிட்டு, தெரிந்த ஜெர்மனில் சொன்னேன்.

"யாழ்ப்பாணத்திலை கோயில் ஐயருக்குப் பிறகு அவரின்ரை மகன்தான் ஐயர். கலியாணம் கட்டாதவர் திருவிழாவுக்குக் கொடியேத்தேலாது."

"மனிசி இல்லாட்டி ஏத்தேலாதோ?" என்றார் பெரியவர்.

"ஏலாது. மனிசி உள்ள ஐயரைத்தான் கூப்பிடவேணும்."

பெரியவர் யோசித்தார். "என்ரை மாட்டுப்பட்டியும் அப்பாவிட்டை இருந்துதான் எனக்கு வந்தது" என்றார். பிறகு செஃப்பின் கையைப் பிடித்தார்.

கலியாண விருந்தில், "பழைய மடத்துக் குடும்பம்" என்று பெரியவர் மாப்பிள்ளையை எல்லோருக்கும் பெருமையாக அறிமுகப்படுத்தினார். என்னை ஊர்ப் பாதிரியாருக்குப் பக்கத்தில் இருத்தி, "இவருக்கும் அதைச் சொல்லும்" என்றார். சொன்னேன்.

வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மொழி அரைகுறையாக இருந்தாலும், உங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். யாருக்காவது அது உதவும். பாதிரியாருக்கு மட்டும் உதவவில்லை. முழுவதும் கேட்டுவிட்டு, வைன் கிளாஸைக் கீழே வைத்துக்கொண்டு சொன்னார்:

"அப்ப உங்கட ஊருக்கு வந்தா எனக்கு வேலை கிடையாது."