கைக்கு எட்டாத வளைவு

ரயில் பொம்மைக்கு, தண்டவாளத்தை வளைவிலேயே இரண்டாகப் பிரிக்கும் சுவிட்ச் ஒன்று வாங்கத்தான் நாகர்கோவில் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் எஞ்சினை ஓடவிட்டுக் காட்டியபோது எழுந்த சூடான எண்ணெய் வாசம் என்னைக் குழித்துறை வீட்டு முன்னறைக்கு இழுத்துக்கொண்டு போனது. என் சிறுவயதில் துபாயிலிருந்து வந்த அப்பா எனக்குத் தந்துவிட்டுப் போன பொம்மை ரயில், அந்தக் குறுகிய அறையில் கட்டிலுக்கு அடியில் நுழைந்து அலமாரியைச் சுற்றி வரும். வண்டியை ஓட்டும் திருகு குமிழ் என் கையில் இருக்க, பாதை மாற்றும் வளைவு சுவிட்ச் எனக்கு எட்டாத எதிர்மூலையில் இருந்ததால், மீன் கழுவிய ஈரக்காலோடு அடுக்களைக்கும் முன்னறைக்கும் நடக்கும் அம்மா, போகிற போக்கில் அதைக் கால் பெருவிரலால் தள்ளிவிட்டு, "மாத்தியாச்சு மக்கா, வண்டிய விடு" என்பாள். அவள் வரும்வரை வண்டி ஒரே வட்டத்தில் சுற்றும். நான் கூப்பிடமாட்டேன், காத்திருப்பேன்.

அந்த வீடு நான்குவழிச் சாலைக்குள் போய்விட்டது. அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள்.

"மோட்டார் வச்சதே எடுங்க சாரே, இருந்த எடத்துலயே பட்டன அமுக்கலாம், வேற ஆளே வேண்டாம்" என்றார் கடைக்காரர்.

கையால் தள்ளுவதையே வாங்கி வந்து, நான் உட்காரும் இடத்திலிருந்து எட்டாத மூலையில் பொருத்தினேன். வண்டி ஒரே வட்டத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது.